ஆறு பேருக்கு ஒரே பக்கம்

"டேய், எங்களுக்குக் கல்யாணம் ஆனதை உன் கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது."

திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் அவன் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். போனில் அக்கா. பின்னால் பேருந்து நிலையத்தின் இரைச்சல்.

"எந்தக் கம்ப்யூட்டர்க்கா?"

"எத்தனை வச்சிருக்க? நூலகத்துல இருக்கறதுதான். நீ செஞ்சது."

அவன் மட்டும் செய்தது அல்ல. நூலகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம், தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடந்துகொண்டிருந்தது. கீழே நாலு தையல் இயந்திரமும் சேர்ந்து ஓடினால் மேலே மேசையில் காபிக் கோப்பை தானாக நகரும். அங்கே அவனுக்கு 'கமா' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கால்புள்ளியை விட்டுவிட்டு, அது எங்கே போயிற்று என்று ஒரு பகல் முழுக்கத் தேடியதால் ஒட்டிக்கொண்டது. அக்கா வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். முதல் கணவர் இறந்து ஆறேழு வருடம் ஆகிறது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் இரட்டைப் பையன்களை ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டிருந்தவள், போன வருடம் போக்குவரத்துக் கழக அலுவலகத்தின் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். சரிசெய்ய வந்த மெக்கானிக், உள்ளே இருப்பவள் பயப்படக் கூடாதே என்று மேலேயிருந்து இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா, இதோ முடிஞ்சிடும்" என்றார்.

"ஒண்ணும் அவசரமில்ல. காலையிலேர்ந்து இப்பத்தான் யாரும் மணி அடிக்காம உக்காந்திருக்கேன். மெதுவாவே ரிப்பேர் பண்ணுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவரும் மெதுவாகவே ரிப்பேர் செய்தார். கதவு திறந்தபோது, அவளுக்கு இரட்டைப் பையன்கள் என்பதும் இருவரும் பல் தேய்க்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு இரண்டு பெண்கள், மனைவி பிரிந்துபோய் வெகுநாளாகிறது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. ஊருக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருப்பவளும் உயரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவரும் எங்கே எப்படிச் சந்தித்தார்கள் என்று இரண்டு பக்கத்து உறவினர்களும் இன்னமும் கேட்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். ஆறு பேரும் ஒரு புது வீட்டுக்குக் குடிவந்தாயிற்று.

"நூலகத்துல குடும்ப வாசிப்புப் போட்டி வச்சிருக்காங்கடா" என்றாள் அக்கா. "ஒரு குடும்பம், ஒரு அணி. சனிக்கிழமை கடைசி. நாலும் ஒண்ணா சேரணும்னு குதிக்குதுங்க. அந்த நூலக மேடம் பாவம், என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. என்னைச் சேத்தா பிள்ளைங்கள விட மாட்டேங்குது, பிள்ளைங்களச் சேத்தா என்னை விட மாட்டேங்குது. பஸ்ஸ எடுக்கணும், வைக்கிறேன்."

கமா நூலகரிடம் பேசிவிட்டு, கணினியில் தானே ஒருமுறை முயன்று பார்த்தான். அக்கா சொன்னது அப்படியே உண்மை.

அந்த மென்பொருளில் குடும்பத்துக்கு ஒரு பக்கம். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பக்கம். அவரவர் இரவல் வாங்கியிருக்கும் புத்தகங்களுக்கு அதற்குள்ளே இன்னொரு பக்கம். ஒவ்வொன்றையும் திறந்து, திருத்தி, தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். சேமிக்கும்போதெல்லாம் விதிகள் வந்து வழிமறிக்கும். பெரியவர் இல்லாத குடும்பத்தில் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று ஒரு விதி. அதனால் அக்காவை முதலில் அத்தான் குடும்பத்துக்கு மாற்றினால், பையன்கள் அநாதையாக நிற்கிறார்கள் என்று கணினி மறுத்தது. பிள்ளையின் இரவல் புத்தகங்களுக்குப் பொறுப்பேற்றவர் அதே குடும்பத்தில் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அதனால் பையன்களை முதலில் மாற்றினால் பொறுப்பாளரைக் காணோம் என்று அதற்கும் மறுத்தது.

அவன் கீழே தையல் கடையில் ஆறு பொத்தான்களும், சமையலறையிலிருந்து இரண்டு தட்டுகளும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனான். முதலாளி ஐம்பது வயதுப் பெண்மணி. அந்த விதிகளை எழுதியதே அவர்தான்.

"மேடம், இந்தத் தட்டுல மூணு பேரு, அந்தத் தட்டுல மூணு பேரு. ஒரு தடவைக்கு ஒரு பொத்தான்தான் எடுக்கலாம். எந்த நேரத்துலயும் சின்னப் பொத்தான் தன்னோட பெரிய பொத்தான விட்டுத் தனியா இருக்கக் கூடாது. ஆறையும் ஒரே தட்டுக்குக் கொண்டு வாங்க."

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் வைத்தார்.

"ரெண்டு கையாலயும் மொத்தமா அள்ளணும்கிற" என்றார்.

"ஆமா. எல்லாரையும் ஒரே பக்கத்துல காட்டுவோம். குடும்பம், அதுக்குக் கீழ ஆளுங்க, ஒவ்வொரு ஆளுக்குக் கீழயும் அவங்க புத்தகம். எல்லாத்தையும் அங்கயே திருத்திக்கலாம். கடைசியில ஒரே ஒரு சேவ். விதியெல்லாம் நடுவுல பாக்க வேணாம், முடிவுல எப்படி இருக்குன்னு பாத்தாப் போதும். சரியா இருந்தா எல்லாமே சேவ் ஆகணும், இல்லன்னா எதுவுமே ஆகக் கூடாது."

"இது வருஷத்துக்கு ரெண்டு பேருக்குத் தேவைப்படுமா?"

"இந்த வருஷம் எங்கக்காவுக்குத் தேவைப்படுது."

மேடம் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடி. ஆனா பாதி சேவ் ஆச்சு, பாதி ஆகலன்னு ஒரு போன் வந்தாலும் நீதான் எடுத்துத் திட்டு வாங்கணும். பொத்தானைத் திருப்பிக் குடுத்துடு, கீழ கேப்பாங்க."

செவ்வாயும் புதனும் அவன் தலையைத் தூக்கவில்லை. புதன் மாலை ஒரு பக்கம் உருவாகியிருந்தது. மேலே குடும்பம். கீழே ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே சற்று உள்ளே தள்ளி, அவர் வைத்திருக்கும் புத்தகங்கள். பக்கத்தில் கூட்டல் குறி, நீக்கும் குறி. அழகாகத்தான் இருந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தான்.

புது வீட்டில் பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. அத்தான் ஒரு பெட்டியின் மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். இரட்டையர் காலிப் பெட்டி ஒன்றுக்குள் இருந்தார்கள். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. அத்தானின் இரண்டு பெண்களில் சின்னவளுக்கு ஐந்து வயது. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பாள், அதனால் வீட்டில் 'ஏன்குட்டி'. பெரியவளுக்குப் பன்னிரண்டு. சுவரில் சாய்ந்து, தொடையில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மச்சான். எங்களை ஒண்ணு சேத்தாச்சா?" என்றார் அத்தான் பெட்டி மேலிருந்தே.

"சேத்தாச்சு அத்தான். சோதனை பண்ணிப் பாக்கணும், அவ்வளவுதான்."

சோதனை என்ற சொல் காதில் விழுந்ததும் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு தலைகள் வெளியே வந்தன. ஏன்குட்டி அவன் மடியிலேயே ஏறிவிட்டாள். நூலகத் தகவல்களின் நகல் ஒன்றை வைத்துத்தான் சோதனை. என்ன செய்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்று அவன் சொன்னதும் பெரியவள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் செய்யட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் செய்தாள். அக்கா குடும்பத்தின் பக்கத்தைத் திறந்து, தங்கையைச் சேர்த்தாள். அப்பாவைச் சேர்த்தாள், கடைசியில் தன்னைச் சேர்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, இரட்டையரில் ஒருவனை நீக்கிவிட்டு, அவன் அலறியதும் மறுபடியும் சேர்த்தாள். சேமி என்ற பொத்தானை அழுத்தினாள்.

ஆறு பேரும் ஒரே பக்கத்தில் வந்து நின்றார்கள். அக்கா கையைத் தட்டினாள். ஆனால் அடுத்த நொடி இரட்டையரில் ஒருவன் திரையைக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தான்.

அத்தான் பெயருக்குக் கீழே, குளிக்க மறுக்கும் யானைக்குட்டியின் படக்கதை இருந்தது. ஏன்குட்டி, டீசல் எஞ்சின் பராமரிப்பு பற்றிய புத்தகத்தை இரவல் வாங்கியிருந்தாள். அக்காவுக்குக் கூட்டல் கணக்குப் பயிற்சி.

"அப்பா, யானை கடைசில குளிச்சிச்சா?" என்று கேட்டாள் ஏன்குட்டி. அத்தான் பெட்டியிலிருந்து விழாத குறை. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. "என் புத்தகம் எல்லாம் இவன்கிட்ட இருக்கு" என்றாள். அவளுடைய ஐந்து தடித்த புத்தகங்களும் நீக்கப்பட்டுத் திரும்பி வந்த பையனின் பெயரில் வரிசையாக நின்றன.

கமாவுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது, காது சூடாயிற்று. "என் தப்புதான். அது ஆளைப் பாக்கல, வரிசையப் பாக்குது. நாலாவது வரியில இருக்கறவங்களுக்கு இந்தப் புத்தகம்னு வச்சுக்கிட்டிருக்கு. நடுவுல ஒருத்தர எடுத்துட்டுத் திரும்பச் சேத்ததும் எல்லாருக்கும் இடம் மாறிப்போச்சு."

"இடம் மாறினா நான் வேற ஆளா?"

"இல்லம்மா."

"அப்ப அதை அதுக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள். பிறகு திரையின் மேற்புறத்தைச் சுட்டிக்காட்டினாள். அங்கே அக்காவின் குடும்ப எண் இருந்தது. "ஏன் நாங்க மட்டும் நகர்ந்து இதுக்குள்ள வரணும்?"

கமா அதை யோசித்திருக்கவே இல்லை. தன் அக்காவின் குடும்பம்தானே என்று அதை முதலில் திறந்திருந்தான், அவ்வளவுதான்.

"அப்ப நாங்களும் நகர மாட்டோம்" என்றான் இரட்டையரில் ஒருவன். மற்றவன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். அக்காவும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நான் வேணா நகர்றேன். எனக்கு மேல கீழ போய்ப் பழக்கம்தான்" என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை.

கமா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "யாரும் யார் குடும்பத்துக்குள்ளயும் போக வேணாம். இந்த ரெண்டையும் மூடிட்டு, புதுசா ஒண்ணு திறப்போம். ஆறு பேரும் ஒரே நேரத்துல அதுக்குள்ள வரட்டும்."

"அது முடியுமா?" என்றாள் பெரியவள்.

"இப்ப முடியாது. வெள்ளிக்கிழமை முடியும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்றாள். அப்புறம், "என் புத்தகம்?" என்றாள்.

"உன் புத்தகத்த உன்கிட்டேர்ந்து யாரும் எடுக்க முடியாத மாதிரி பண்ணிடறேன்."

அதைத்தான் அவன் வியாழக்கிழமை முதல் வேலையாகச் செய்தான். திரையில் எந்த வரி எங்கே ஓடினாலும், அந்த ஆளின் சொந்த எண் அந்த வரியோடு ஒட்டிக்கொண்டே போகும். புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் சேமிக்கும்போது புது எண் பிறக்கும். அதன்பின் மூன்று குடும்பங்களை, மூடுகிற இரண்டையும் திறக்கிற ஒன்றையும், ஒரே சேமிப்பில் கட்டினான். வெள்ளிக்கிழமை மதியம் மேடம் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தள்ளு. நான் உடைச்சுக் காட்டறேன்."

ஒரு குழந்தையை அதற்கே பொறுப்பாளராக்கினார். எல்லோரையும் நீக்கிவிட்டு வெறும் குடும்பத்தைச் சேமிக்கப் பார்த்தார். ஒரே ஆளை இரண்டு முறை சேர்த்தார். சேமிக்கும் நொடியில் இணையக் கம்பியையே பிடுங்கினார். ஓர் இடத்தில் மட்டும் உடைந்தது. கமா அதை அங்கேயே சரிசெய்தான். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் அந்தப் பக்கம் அசைந்துகொடுக்கவில்லை.

"சை, ஒண்ணும் உடைய மாட்டேங்குது" என்று மேடம் ஏமாற்றமாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான் என்பது அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை நூலகத்தில் ஆறு பேரும் வரிசை கட்டி நின்றார்கள், கமா ஏழாவது. நூலகர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். பெயர்கள், பிறந்த நாள்கள், புத்தகங்கள் எல்லாம் பழைய இரண்டு குடும்பங்களிலிருந்தும் வந்து ஒரே பக்கத்தில் இறங்கின. தொலைபேசி எண்ணை மட்டும் அக்காவும் அத்தானும் புதிதாகச் சொன்னார்கள். பெரியவள் தன் வரிக்குக் கீழே விரல் வைத்து ஐந்து புத்தகத்தையும் எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

"அணிக்கு என்ன பேர் போடட்டும்?" என்றார் நூலகர்.

அங்கேதான் ரகளை. இரட்டையருக்குப் புலி வேண்டும். ஏன்குட்டிக்கு "ஏன் புலி? பூனை ஏன் கூடாது?" அக்கா சும்மா இருங்கள் என்று அதட்டினாள். பெரியவள் யோசித்து, "லிஃப்ட் பஸ்" என்றாள்.

"அப்படின்னா?"

"மேல ஏறுற பஸ்."

இரட்டையருக்கு உடனே அப்படி ஒரு பேருந்தில் ஏற வேண்டும் போலிருந்தது. பெயர் முடிவாயிற்று. நூலகர் சேமி என்பதை அழுத்தினார்.

திரையில் சிவப்பு. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கமா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். மற்ற எல்லா வரிகளும் அப்படியே இருந்தன. அத்தானின் வரியில் தொலைபேசி எண்ணைச் சுற்றி மட்டும் சிவப்புக் கட்டம்.

"ஒரு எண்ணை விட்டுட்டீங்க சார்" என்றார் நூலகர்.

அத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எட்டு. கடைசில ஒரு எட்டு இருக்கு."

"என் நம்பர் மட்டும் அன்னிக்கு லிஃப்ட் இடுக்கு வழியா ஒரே தடவையில ஞாபகம் வச்சுக்கிட்டாரு" என்றாள் அக்கா.

"பழைய பக்கமா இருந்தா இந்நேரம் அடிச்சதெல்லாம் அழிஞ்சு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லும்" என்றபடி நூலகர் எட்டைச் சேர்த்து மறுபடியும் அழுத்தினார். பச்சை வந்தது. 'லிஃப்ட் பஸ்: ஆறு உறுப்பினர்கள் சேமிக்கப்பட்டனர்.'

இரட்டையர் போட்ட கூச்சலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். நூலகர் உதட்டில் விரலை வைக்கப் போனவர், பாதி வழியில் அதை மறந்து தானும் கைதட்டிவிட்டார். அத்தான் அக்காவின் தோளில் கை வைத்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டபோதுகூட அழாத அக்கா, இங்கே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கமா மாமா எந்தக் குடும்பம்?" என்று கேட்டாள் ஏன்குட்டி.

"நான் தனிக்கட்டைம்மா. எனக்குத் தனிக் கார்டு."

"ஏன்?"

பெரியவள் நூலகர் பக்கம் திரும்பினாள். "ஒரே வீட்டுல இருந்தாத்தான் அணியில சேரலாமா?"

நூலகர் போட்டி விதிகளை எடுத்துப் படித்தார். "சேர்ந்து படிக்கிறவங்கன்னுதான் போட்டிருக்கு. வீடு பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்ப கூட்டல் குறி இருக்கே, அழுத்துங்க."

ஏழாவது வரி திறந்தது. பெயர் வந்தது. உறவு என்ற இடத்தில் ஒரு பட்டியல் கீழே விழுந்தது: அப்பா, அம்மா, மகன், மகள், பிறர். நூலகர் 'பிறர்' என்பதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார்.

"பிறரா?" என்றாள் பெரியவள். அவள் குரல் உயர்ந்துவிட்டது. "மாமாவைப் போய்ப் பிறர்னு போடறதா?"

"தம்பிங்க ரெண்டு பேருக்குத்தான் அவர் தாய்மாமா..." என்று தொடங்கினார் அத்தான்.

"எங்களுக்கும்தான்" என்று வெட்டினாள் அவள். கமாவைப் பார்த்து, "இந்த லிஸ்ட்டையும் நீங்கதானே எழுதினீங்க?" என்றாள்.

"திங்கட்கிழமை மாத்திடறேன்" என்றான் கமா. அதுவரைக்கும் பிறராகவே இருக்கட்டும் என்று ஒப்பந்தமாயிற்று.

திங்கட்கிழமை காபி குடிப்பதற்கு முன்பே பட்டியலைத் திறந்தான். மேடம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன பண்ற?"

"மாமா சேக்கறேன்."

"மாமாவை மட்டும் சேத்தா என் அண்ணன் பசங்க என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அத்தையும் போடு."

அத்தை வந்ததும் சித்தியும் பட்டியலில் இடம் கேட்டாள். சித்தி வந்ததும் பெரியம்மாவை விட முடியவில்லை. கீழே தையல் கடைக்காரருக்கு விஷயம் போய், அவர் மாடிப்படியில் நின்றுகொண்டு, "கொழுந்தியாளப் போட்டீங்களா? ஓரகத்தி? சகலை?" என்று ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டிருந்தார். இயந்திரங்கள் நின்றுவிட்டன. சகலையை எங்கே வைப்பது என்று மேடத்துக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் அந்த மென்பொருளிலேயே நீளமான பட்டியல் அதுதான் என்றாகிவிட்டது.

சாயங்காலம் நூலகர் போன் செய்தார்.

"பொண்ணு ஸ்கூல்லேர்ந்து நேரா இங்க வந்துட்டா சார். நீங்க சேத்தது வந்துடுச்சு. தன் கையாலதான் மாத்துவேன்னா. மாத்திட்டா."

"நல்லதுங்க" என்றான் கமா, முகமெல்லாம் சிரிப்பாக.

"இன்னொரு விஷயம். அவ கார்டுல அஞ்சும் எடுத்தாச்சாம். உங்க கார்டு காலியா இருக்கேன்னு இப்ப உங்க பேர்ல அஞ்சு எடுத்துட்டுப் போறா. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு சொல்றா. குடுக்கலாமா?"

"குடுங்க" என்றான் கமா. "தூக்க முடியலன்னா அங்கயே இருக்கச் சொல்லுங்க. நான் வர்றேன்."